லினக்ஸ் போடப் போய் 18,500 ரூபா போச்சு: திருகோணமலை ஆட்கள் கவனம்

நேற்றுப் பின்னேரம்தான் அந்தக் கடைப் படியைக் கடைசியாக இறங்கினேன். கோபம் ஆறிய பிறகு எழுதினால் மரியாதையாக எழுதிவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். 18,500 ரூபா. தரம் ஐந்து புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு வீட்டில் ரியூஷன் கொடுக்கிற எனக்கு அது எத்தனை மாலை நேரம் என்று கணக்குப் பார்த்தால் வயிறு எரிகிறது.

என் லப்டொப் 2011 இல் வாங்கியது. றாம், அதாவது வேலை செய்யும்போது பாவிக்கிற நினைவகம், 2 ஜிபி. விண்டோஸ் 7 இல் தொடங்கி, யாரோ 10 போட்டுத் தந்து, ஒரு வினாத்தாளைத் திறப்பதற்குள் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வரலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டது. விண்டோஸ் 10 க்கான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. 11 க்குக் குறைந்தது 4 ஜிபி றாம் வேண்டும், இந்தக் கிழடு அதைத் தாங்காது. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இயங்குதளமான லினக்ஸில் பாரம் குறைந்த ஒன்றைப் போட்டால் இன்னும் சில வருடம் ஓடும் என்று கூடப் படிப்பிக்கிற ஒருவர் சொன்னார். சொன்னது சரிதான். லினக்ஸில் எனக்கு ஒரு குறையும் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரவுணில், பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், போனும் லப்டொப்பும் திருத்துகிற சின்னக் கடை. பெயர் சொல்ல மாட்டேன். சாம்பல்தீவிலிருந்து லப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கடை வாசலில் மான் ஒன்று வாழைப்பழத் தோல் தின்றுகொண்டு நின்றது (நம்மூருக்கு வருகிறவர்கள் அதைப் படம் எடுப்பார்கள், நாங்கள் விலத்திப் போவோம்). உள்ளே இருந்த பையன் என்னைக் கண்டதும் எழும்பி நின்றான். "டீச்சர்! என்ட தங்கச்சி உங்களிட்டத்தான் படிச்சவ. ஸ்கொலசிப் பாஸ் பண்ணினவ." நான் அந்த இடத்தில் விழுந்துவிட்டேன். பில் கேட்க வேண்டும், விலை பேச வேண்டும், வேறு கடையிலும் விசாரிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போன எதுவும் பிறகு வாயில் வரவில்லை.

அடுத்து அவன் செய்ததுதான் முக்கியம். ஒரு பென்டிரைவைச் செருகி, என் லப்டொப்பை அதிலிருந்தே இயக்கிக் காட்டினான். உள்ளே இருக்கிற எதையும் தொடாமல் லினக்ஸை இப்படி ஓட்டிப் பார்க்கலாமாம். உண்மையும் அதுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, திரை வந்துவிட்டது. எழுதுகிற நிரலைத் திறந்தான், உடனே திறந்தது. எனக்கு வாயெல்லாம் பல். மகளுக்குக் காட்டலாம் என்று அந்தத் திரையைப் போனில் ஒரு படம் எடுத்தேன். அந்தப் படம் இல்லாவிட்டால் இன்றைக்கும் நான் அவனை நம்பிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

"இதைவிட நல்லா ஓட வைக்கலாம் டீச்சர். றாம் ஒரு 4 ஜிபி கூட்டுவம். ஹார்ட்டிஸ்க் கிழடாப் போச்சு, அதுக்குப் பதிலா வேகமான எஸ்எஸ்டி போடுவம். உங்களுக்கெண்டபடியா லாபம் வைக்காமச் செய்து தாறன்." ஒரு கடதாசித் துண்டில் எழுதினான்: எஸ்எஸ்டி 9,500, றாம் 4,500, லினக்ஸ் லைசன்ஸ் 2,500, கூலி 2,000. மொத்தம் 18,500. கையிலிருந்த 10,000 ஐ அங்கேயே கொடுத்தேன், மிச்சத்தை இரண்டு நாள் கழித்து எடுக்கப் போனபோது கொடுத்தேன். அந்தக் கடதாசித் துண்டை அவன் திருப்பித் தரவில்லை, நான் கேட்கவும் இல்லை.

லினக்ஸ் லைசன்ஸ்! 1991 இல் பின்லாந்தில் ஒரு மாணவன் எழுதத் தொடங்கி உலகத்துக்கே திறந்துவிட்ட சாமானுக்கு, திருகோணமலையில் நான் 2,500 ரூபா லைசன்ஸ் கட்டியிருக்கிறேன். நாங்கள் வழமையாகக் கேள்விப்படுகிற லுபுண்டு, மின்ட், பப்பி என்ற லினக்ஸ் வகைகள் எல்லாம் இறக்கிக்கொள்ளக் காசு கேட்பதில்லை. போட்டுத் தருகிற உழைப்புக்குக் கூலி கேட்கலாம், அது நியாயம். 3,000 என்றாலும் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் திரை பளபளவென்று வேறு மாதிரி இருந்தது. கடையில் பார்த்ததைவிட வடிவாக இருக்கிறதே என்று மகிழ்ந்தது ஐந்து நிமிடம்தான். பிரவுசரைத் திறந்தால் அம்புக்குறி நின்ற இடத்திலேயே நின்றது. பழைய விண்டோஸே பரவாயில்லை. என்னுடைய கோப்புகளையும் காணவில்லை. ஆறு வருட வினாத்தாள்கள்.

முதல் தடவை போன் எடுத்தேன். "புதுசெல்லோ டீச்சர், பழகப் பழக ஸ்பீட் வரும்." செருப்பா பழகப் பழக இளகிவர? சரி என்று இரண்டு நாள் பொறுத்தேன். பிறகு வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினேன், நீலக் குறி வந்தது, பதில் வரவில்லை. இந்த நேரத்தில்தான் அக்காவின் மகன் மட்டக்களப்பிலிருந்து வந்தான். என் போனில் இருந்த படத்தையும் லப்டொப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சித்தி, இது வேற, அது வேற" என்றான்.

கடையில் பென்டிரைவில் காட்டியது ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸ் வகை, பழைய கணினிகளுக்கென்றே செய்தது. அரை ஜிபி றாம் இருந்தாலே ஓடக்கூடியது. படத்தில் திரையின் ஒரு பக்கத்தில் சின்ன எழுத்தில் நினைவகக் கணக்கும் விழுந்திருந்தது, 300 எம்பிகூடச் செலவாகவில்லை. லப்டொப்பில் போட்டுத் தந்ததோ உபுண்டு என்ற வழமையான பெரிய லினக்ஸ் வகை. அதற்கு 4 ஜிபியாவது வேண்டும் என்று அதைச் செய்கிறவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அவன் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்கு நான் வாயைப் பிளந்து பார்த்தது ஒன்றுமே கூட்டாத, ஒன்றுமே மாற்றாத, என்னுடைய அதே 2 ஜிபி லப்டொப். என் கண்ணுக்கு முன்னால் சும்மா ஓடிக்கொண்டிருந்ததைக் காட்டித்தான் என்னிடம் 18,500 ரூபா வாங்கியிருக்கிறான்.

கூட்டிய றாம் எங்கே? அக்காவின் மகன் றாம் எவ்வளவு என்று காட்டுகிற ஃப்ரீ என்ற கட்டளையை அடித்தான், 1.8 ஜிபி என்றது. கீழ் மூடியைக் கழற்றினோம். ஒரு பொந்தில் என் பழைய 2 ஜிபி, மற்றப் பொந்தில் தூசி. எஸ்எஸ்டியின் உள்ளே அது எவ்வளவு நேரம் உழைத்தது என்ற கணக்கு இருக்குமாம், ஸ்மார்ட்சிடிஎல் என்ற கட்டளையால் அதை வாசிக்கலாம். 23,000 மணித்தியாலத்துக்கு மேல் காட்டியது. இரவு பகலாக இரண்டரை வருடத்துக்கு மேல் எங்கேயோ ஓடிய கிழட்டு எஸ்எஸ்டி, எனக்குப் புதுசு விலை.

நேராகப் போனேன். றாமைக் கேட்டேன். "லினக்ஸ் கொஞ்சத்தை மறைச்சு வச்சுத்தான் காட்டும்" என்றான். நான்கு ஜிபியை மறைக்குமாம்! மூடியைக் கழற்றிப் பார்த்தோம் என்றதும், மற்றப் பையன் மாறி வைத்திருப்பான், அவன் கொழும்புக்குப் போய்விட்டான், வரட்டும் என்றான். நேற்று முதலாளியே இருந்தார். அவருக்கு ஒரே கேள்வி: "பில் இருக்கா மேடம்?" இரண்டு கிழமைக்கு முன்னம் டீச்சர், இப்போது மேடம். பையன் தலை நிமிராமல் யாருடையதோ போனைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பழைய ஹார்ட்டிஸ்க்கையாவது தாருங்கள் என்றேன். "அது பழுது, எறிஞ்சாச்சு." விண்டோஸ் அதிலிருந்துதானே ஓடியது, எப்படிப் பழுது? அதற்குப் பதிலே இல்லை. அடுத்த வாடிக்கையாளரைக் கூப்பிட்டார்.

அக்காவின் மகன், மூடியைக் கழற்றிய அன்றிரவே ஆன்டிஎக்ஸை இறக்கி, பென்டிரைவில் எழுதி, போட்டுத் தந்துவிட்டான். முக்கால் மணித்தியாலம், டேட்டாச் செலவு மட்டும். ஓடுகிறது. பிரவுசரில் நாலைந்து பக்கம் சேர்ந்து திறந்தால் மூச்சு வாங்கும், 2 ஜிபியில் அதற்கு மேல் எந்த லினக்ஸும் மந்திரம் செய்யாது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய கோப்பு ஏதாவது கிடைத்தால் அந்த எழுத்துருவையும் பிரதி பண்ணிப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியுமாம். கோப்பு கிடைத்தால்தானே.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், ரியூஷன் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். சுருக்கமாக: பென்டிரைவில் எதைக் காட்டினார்களோ அதன் பெயரை எழுதி வாங்குங்கள், அதையே போடச் சொல்லுங்கள். கொடுக்கும் முன் கோப்புகளைப் பிரதி எடுங்கள். கழற்றிய சாமான் உங்களுடையது, கையோடு வாங்குங்கள். றாம் கூட்டினால் அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பில் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். யாருடைய தங்கச்சியைப் படிப்பித்திருந்தாலும் சரி. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977, நாளைக்கு எடுக்கப் போகிறேன், பில் இல்லாமல் 18,500 ரூபாவுக்கு என்ன சொல்வார்களோ பார்ப்போம்.

கடையின் பெயரைக் கேட்டு யாரும் எழுத வேண்டாம். அந்த ஹார்ட்டிஸ்க்கில் என் அடையாள அட்டைப் பிரதி இருக்கிறது, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் இருக்கிறது, முப்பத்தைந்து பிள்ளைகளின் பெயரும் பெற்றோரின் போன் இலக்கங்களும் இருக்கின்றன. எறிந்தேன் என்று அவர் சொல்வதை நான் நம்பவில்லை.