ஃப்ராக்பாக்: பிளவுகளின் திசையும் நீளமும் அளக்க நல்ல கருவி, ஆனால் கோடு போடும் கை கவனமாக இருக்கணும்

ஐஸ்லாந்தின் வடக்கே க்ராஃப்லாவில் 1975 முதல் 1984 வரை நிலம் திரும்பத் திரும்பப் பிளந்தது, அதில் ஒன்பது தடவை எரிமலைக்குழம்பும் வெளியே வந்தது. அந்தப் பகுதிப் பிளவுகளை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு, எந்தத் திசையில் ஓடுகின்றன, எவ்வளவு நீளம் என்று கணக்கெடுக்கத்தான் ஃப்ராக்பாக் பக்கம் போனேன். டேவிட் ஹீலியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட மென்பொருள் கருவி இது. கருவி இலவசம், அதை ஓட்டும் மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருள் இலவசம் இல்லை.

உள்ளே கொடுப்பது ரொம்ப எளிது. ஒரு வரிக்கு ஒரு பிளவு, அதன் புள்ளிகளின் கிழக்கு, வடக்கு ஆயங்கள், அவ்வளவுதான். வடதுருவப் பகுதி நிலத்தின் உயரங்களைத் தரும் ஆர்க்டிக்டெம்மின் 2 மீட்டர் தரவிலிருந்து நிழல்படம் (ஒரு பக்கம் வெளிச்சம் அடித்தது போல மேடுபள்ளத்தைக் காட்டும் படம்) உருவாக்கி, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் கோடு போட்டுக் கொடுத்தேன். நிழல்படத்தை ஒரே ஒரு பக்க வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். வெளிச்சம் வரும் திசையிலேயே ஓடும் பிளவுக்கு நிழல் விழாது, கண்ணில் படாமலே போய்விடும், அப்புறம் திசைக் கணக்கு முழுக்கச் சாய்ந்துவிடும்.

எந்தத் திசையில் எத்தனை பிளவு என்று வட்டத்தில் இதழ் இதழாகக் காட்டும் இதன் ரோஜாப் படம் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் இதழின் பரப்புதான் எண்ணிக்கையைக் காட்டுகிறது. நான்கு மடங்கு பிளவுகள் இருந்தால் இதழ் இரண்டு மடங்குதான் நீளும், கண்ணை ஏமாற்றாது. என் முதல் படத்தில் வடக்கை ஒட்டிய பெரிய இதழுக்குப் பக்கத்தில் வடகிழக்கே இன்னொரு இதழ் முளைத்திருந்தது. இரண்டாவது பிளவுத் தொகுதி கிடைத்துவிட்டது என்று இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பப் போய்ப் பார்த்தால், அது ஒரே ஒரு நீண்ட பிளவு. சின்னச் சின்னத் துண்டுகளாகப் படிக்கட்டு போல விலகி விலகிப் போவது, அதில் மட்டும் ஒவ்வொரு வளைவிலும் நெருக்கமாகப் புள்ளி வைத்திருக்கிறேன். இங்கே திசை எண்ணப்படுவது முழுப் பிளவுக்கு இல்லை, இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலுள்ள துண்டுக்கு. அதிகம் கிளிக் செய்த பிளவுக்கு அதிக ஓட்டு. நீளத்தை எடையாக வைத்து ரோஜா வரையும் வசதி உள்ளேயே இருக்கிறது, அதைப் போட்டதும் அந்த இதழ் சுருங்கிவிட்டது. இதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள்.

சராசரித் திசையை எக்செல்லில் தனியாகப் போடுகிறவர்களுக்கு ஒன்று. 5 பாகையும் 175 பாகையும் கிட்டத்தட்ட ஒரே கோடு, இரண்டுமே வடக்கு தெற்கு. சாதாரணச் சராசரி 90 பாகை, அதாவது கிழக்கு மேற்கு என்று சொல்லும். கோணங்களை இரட்டித்து, திசையன்களாகக் கூட்டி, கிடைக்கும் கோணத்தைப் பாதியாக்கினால்தான் சரியான விடை வரும். க்ராஃப்லா பிளவுகள் வடக்கை ஒட்டியே ஓடுவதால் அங்கே இந்தத் தப்பு சுலபமாக நடக்கும்.

நீளத்துக்கு வந்தால், குட்டிப் பிளவு எத்தனை, நீண்ட பிளவு எத்தனை என்ற பரவலைச் சொல்லும் பவர் லா, எக்ஸ்பொனென்ஷியல், லாக்நார்மல் என்ற மூன்று கணித வடிவங்களையும் அதிகபட்ச நிகழ்தகவு முறையில் (கையிலுள்ள தரவு கிடைக்க எது அதிக வாய்ப்புத் தருகிறதோ அதைத் தேர்வது) பொருத்திக் காட்டுகிறது. லாக் தாளில் கோடு இழுத்துச் சரிவு படிக்கும் பழைய வழக்கத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் 2 மீட்டர் தரவில் குட்டிப் பிளவுகள் தெரியாது, நீண்ட பிளவுகளின் முனையைப் புதிய எரிமலைக்குழம்பு மூடியிருக்கும். இரண்டு ஓரமும் குறைந்துபோன தரவு, உண்மையில் பவர் லாவாக இருந்தாலும் லாக்நார்மல் போலத்தான் தெரியும். கீழேயும் மேலேயும் எவ்வளவு வெட்டுவது என்று கொடுக்க இடம் இருக்கிறது, அதை மாற்றி மாற்றிப் பார்க்காமல் எந்த முடிவையும் எழுதாதீர்கள்.

வட்டம் போட்டு அடர்த்தி பார்ப்பதும் உண்டு. 50 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் விளிம்பைப் பிளவுகள் 12 இடத்தில் வெட்டினால், 12-ஐ ஆரத்தின் நான்கு மடங்கால், அதாவது 200-ஆல் வகுத்து, சதுர மீட்டருக்கு 0.06 மீட்டர் பிளவு. வேகமான, நேர்த்தியான வழி.

படத்திலிருந்து தானாகவே கோடு கண்டுபிடிக்கும் வசதியை எரிமலைத் தரைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். குழம்பு உப்பி வெடித்த மேடுகளின் கீறலுக்கும் நிலம் விரிந்து வந்த பிளவுக்கும் உள்ள வித்தியாசம் அதற்குத் தெரியாது. கையாலேயே போடுங்கள், ஒரு பகுதியை வேறொருவரையும் தனியாகப் போடச் சொல்லி, இரண்டு ரோஜாக்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.