ஓன்ஃப்ளர் போகிறவர்களே, கரும்பலகையின் கடைசி எழுத்து வரை படித்துவிட்டு உட்காருங்கள்

பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் இருக்கும் ஓன்ஃப்ளர் துறைமுகத்தில் நாலு பேர் கொண்ட ஒரு குடும்பம் ஒரு மதியச் சாப்பாட்டுக்கு 200 யூரோ கொடுத்துவிட்டு வந்திருக்கிறது. ரசீது இதுதான். ‘பார்’ என்கிற மீன் ஒன்று, 1 கிலோ 150 கிராம்: 109.25 யூரோ. மட்டியும் உருளைக்கிழங்கு வறுவலும் இரண்டு தட்டு: 37. தண்ணீர் பாட்டில் மூன்று: 19.50. கோக் இரண்டு: 10. காபி இரண்டு: 6.40. ஆக 182.15. கார்டு மெஷினில் 10 சதவீதம் டிப்ஸ் அழுத்தியதில் இன்னொரு 18.22.

உணவகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்தக் கடையை மட்டும் தவிர்த்துவிட்டுப் பக்கத்துக் கடையில் இதே ரசீதை வாங்குவீர்கள். இதில் சட்டத்துக்குப் புறம்பான வரி ஒன்றுகூட இல்லை என்பதுதான் நெஞ்சை எரிக்கிற விஷயம். போன பணம் சாப்பிட்ட பிறகு போகவில்லை; ஆர்டர் கொடுத்த இரண்டு நிமிடத்திலேயே போய்விட்டது.

மீனில் நடந்தது என்ன? வாசலில் கரும்பலகை. அதில் சாக்பீஸால் ‘9,50’ என்று பெரிதாக எழுதியிருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் புள்ளி வைக்கும் இடத்தில் காற்புள்ளி போடுவார்கள். அது ஒன்பதரை யூரோ. அதன் அருகே ஒரு சாய்கோடு, அதற்கப்பால் பொடி எழுத்தில் ‘100 கிராம்’. முழு மீனும் சிங்கி இறாலும் பிரான்ஸின் கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் இப்படி நூறு கிராம் கணக்கில்தான் விற்பனை. பரிமாறுபவர் தட்டில் இரண்டு மூன்று மீன்களை வைத்து மேசைக்கே கொண்டுவந்து காட்டுவார். பளபளவென்று இருக்கும். நீங்கள் தலையாட்டுவீர்கள். அந்தத் தலையாட்டல்தான் ஆர்டர். எடை யாரும் சொல்வதில்லை, நீங்களும் கேட்பதில்லை. எடை போடுவது சமைப்பதற்கு முன்பு. தலையும் முள்ளும் குடலும் சேர்த்து. தட்டில் சதையாக வருவது ஏறக்குறைய பாதி.

இதற்கு மருந்து இரண்டு கேள்வி. தட்டு மேசைக்கு வந்ததும் மீனைக் காட்டி “இல் பெஸ் கோம்பியேன்?” என்று கேளுங்கள்: எடை எவ்வளவு? உடனே “ஸா ஃபே கோம்பியேன்?”: ஆக எவ்வளவு? பதிலை எழுதித் தரச் சொல்லலாம், போனின் கால்குலேட்டரை நீட்டலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்; பிரெஞ்சுக் குடும்பங்களும் இதைக் கேட்டுத்தான் வாங்குகின்றன. இரண்டு பேருக்கு 600 கிராம் மீன் போதும். ஒரு கிலோவுக்கு மேல் உள்ளதையே உங்கள் பக்கம் தள்ளினால் “ப்ளூ பெத்தி”, அதாவது இன்னும் சின்னது, என்று சொல்லுங்கள். பலகையில் விலைக்குப் பதிலாக ‘செலோன் அரிவாஜ்’ என்று இருந்தால் அன்றைய வரத்தைப் பொறுத்த விலை என்று பொருள். விலை தெரியாமல் அதை ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஏமாறாத தமிழர் குறைவு. “வாட்டர் ப்ளீஸ்” என்றதும் “ப்லாத் ஊ கசேயூஸ்?” என்று திருப்பிக் கேட்பார்கள். சாதா தண்ணீரா, காஸ் தண்ணீரா என்பதுதான் கேள்வி. இரண்டுமே பாட்டில், இரண்டுக்கும் காசு. குழாய்த் தண்ணீர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆனால் சாப்பிட உட்கார்ந்தவருக்குக் குடத்தில் குழாய்த் தண்ணீரும் ரொட்டியும் இலவசம் என்பது பிரான்ஸில் 1967 முதல் இருக்கிற விதி. இலவசத் தண்ணீர் கிடைக்கும் என்பதை உணவகம் எழுதி வைக்க வேண்டும் என்ற சட்டமும் 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. கேட்க வேண்டிய சொல் “யுன் கராஃப் தோ”. இந்த மூன்று சொல்லை மட்டும் ரயிலில் மனப்பாடம் செய்துகொண்டால் நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு வேளையில் 20 யூரோ மிச்சம். அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர், பயப்பட வேண்டாம்.

டிப்ஸ் விஷயமும் அப்படித்தான். பிரான்ஸில் பட்டியலில் போட்ட விலைக்குள்ளேயே சேவைக் கட்டணம் அடங்கிவிடுகிறது. 1987 முதல் அப்படித்தான். ரசீதின் அடியில் ‘செர்வீஸ் கோம்ப்ரி’ என்று இருக்கும். இப்போது பல இடங்களில் கார்டு மெஷினே 5, 10, 15 சதவீதம் என்று பொத்தான் காட்டி நீட்டுகிறது. பரிமாறுபவர் எதிரே நிற்பார், கூச்சத்தில் அழுத்திவிடுவீர்கள். வேண்டாம் என்ற பொத்தானும் அதே திரையில் ஓரமாக இருக்கும். மனசு நிறைந்தால் ஒன்றிரண்டு யூரோ நாணயத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்தால் போதும். இந்திய கார்டாக இருந்தால் அதே மெஷின் ரூபாயிலா யூரோவிலா என்றும் கேட்கும். யூரோவைத்தான் அழுத்த வேண்டும். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தை மெஷின்காரர்கள் தீர்மானிப்பார்கள். அது உங்கள் வங்கியின் விகிதத்தைவிட அனேகமாக எப்போதும் மோசம்.

இப்படிப்பட்ட கடையில் போய் உட்கார வைப்பது பெரும்பாலும் கடிகாரம்தான். பாரிஸிலிருந்து ஓன்ஃப்ளருக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். உறவினர் வீட்டில் பத்து மணிக்குக் கிளம்பினால் வந்து சேர ஒரு மணி. கார் நிறுத்த இடம் தேடி அரை மணி. பழைய துறைமுகக் குளத்தைச் சுற்றி ஆறேழு மாடி உயரத்துக்கு ஒடுங்கி நிற்கிற அந்தக் கல்பலகை வீடுகளைப் படம் எடுத்து, முழுக்க மரத்தால் கட்டிய சென்ட் கத்ரீன் தேவாலயத்தையும், அதற்கு எதிரே தனியாக நிற்கும் மணிக்கூண்டையும் பார்த்து முடிப்பதற்குள் இரண்டரை. குழந்தை பசியில் அழும். நல்ல சமையல் நடக்கிற உள்தெருக் கடைகள் பன்னிரண்டு மணிக்கு அடுப்பு பற்றவைத்து இரண்டு மணிக்கு அணைத்துவிடும். அப்போது திறந்திருப்பது ‘செர்வீஸ் கோந்தினியூ’, அதாவது நாள் முழுக்கச் சாப்பாடு, என்று எழுதிய கரையோரக் கடைகள்தான். அவை எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் பசியோடு வேறு வழியில்லாமல் வந்து உட்காருகிறவருக்காகவே பலகை எழுதுகிற கடைகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. பன்னிரண்டேகாலுக்குச் சாப்பிட உட்காருங்கள். படமெல்லாம் பிறகு எடுக்கலாம், மாலை வெளிச்சம் அந்தக் குளத்துக்கு இன்னும் அழகு.

உட்காருவதற்கு முன் வாசலில் விலைப்பட்டியலைப் படிக்க உங்களுக்கு உரிமை உண்டு. மதியத்துக்குக் காலை 11.30-க்குள், இரவுக்கு மாலை 6-க்குள் அது வெளியே தொங்க வேண்டும் என்பது விதி. அந்தப் பட்டியலுக்கு அங்கே ‘கார்த்’ என்று பெயர். ‘மெனு’ என்றால் இரண்டு மூன்று உருப்படி சேர்ந்த கட்டுச் சாப்பாடு, ஒரே விலை. பழக்கதோஷத்தில் மெனு கேட்டு 32 யூரோ கட்டுச் சாப்பாட்டில் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய. சட்டி மேல் கூரை போட்ட ஒரு சின்னம் பட்டியலில் இருந்தால் ‘ஃபே மேசோன்’, அங்கேயே சமைத்தது என்று அர்த்தம். 2014-இல் வந்த சின்னம். அதிலும் ஒரு ஓட்டை: உறைய வைத்த பச்சை மீனை வாங்கி அங்கே சமைத்தாலும் அந்தச் சின்னம் போடலாம். எனவே ‘துறைமுகத்துக்கு எதிரே கடை, ஆகவே இன்றைய மீன்’ என்று நினைக்காதீர்கள்.

ஓட்டுச் சிப்பியில் (ஆய்ஸ்டர்) அளவைக் காட்டும் எண் தலைகீழ். 5 என்றால் மிகச் சிறியது, 1-க்கும் 0-க்கும் போகப் போகப் பெரிது. 3 நடுத்தரம், முதல்முறை சாப்பிடுகிறவருக்கு அது போதும்.

சைவம் சாப்பிடுகிறவர்களும் பன்றி, மாடு தவிர்க்கிறவர்களும் கவனிக்க: ‘கலெத் கோம்ப்ளேத்’ என்கிற கருங்கோதுமை தோசை பார்க்க வெறும் முட்டை தோசை மாதிரி இருக்கும், உள்ளே பன்றி ஹாம் மடித்து வைத்திருப்பார்கள். “சான் ஜாம்போன்” என்றால் அது இல்லாமல் தருவார்கள். சாலட்டில் பொடிப்பொடியாகக் கிடக்கும் ‘லார்தோன்’ பன்றிக்கொழுப்பு. சைவம் என்று சொன்னால் மீன் கொண்டுவருகிறவர்கள் இன்னும் உண்டு, ஆகவே “சான் வியாந்த், சான் புவாசோன்”, அதாவது இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டில் போவது ஒரு பங்கு. வாடகைக் காரில் போகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய அடி சாலையில் விழுகிறது, அதுவும் ஊர் திரும்பிய பிறகு. பாரிஸிலிருந்து நார்மண்டி போகும் ஏ13, ஏ14 நெடுஞ்சாலைகளில் 2024-இல் சுங்கச்சாவடிகளை எடுத்துவிட்டார்கள். தடுப்பு இல்லை, காசு வாங்க ஆளில்லை. தலைக்கு மேலே ஒரு வளைவில் கேமரா, அது வண்டி எண்ணைப் படம் பிடித்துக்கொள்ளும். ‘இலவசம் போல’ என்று நினைத்து ஓட்டிவிடுகிறோம். 72 மணி நேரத்துக்குள் நாமே போய்க் கட்ட வேண்டும். விட்டுவிட்டால், நோட்டீஸ் வந்த 15 நாளுக்குள் கட்டினால் கூடுதலாக 10 யூரோ, அதற்குப் பிறகு 90 யூரோ, 60 நாள் தாண்டினால் 375. வாடகைக் காராக இருந்தால் நோட்டீஸ் முதலில் கம்பெனிக்குப் போகும். அவர்கள் உங்கள் விவரத்தைக் கொடுத்துவிட்டு, அதற்கென்று தனிக் கட்டணத்தை உங்கள் கார்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

ஆகவே காரை எடுக்கும்போதே எண் பலகையைப் படம் எடுத்து வையுங்கள். அன்று இரவே அந்தச் சாலைகளை நடத்தும் ஸானெஃப் நிறுவனத்தின் தளத்தில் வண்டி எண்ணைத் தட்டி, கார்டில் கட்டி, ரசீதைச் சேமியுங்கள். திரும்பி வரும் பயணத்துக்குத் தனி 72 மணி நேரம். போனதைக் கட்டிவிட்டு வந்ததை மறப்பதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. இந்த மாற்றத்தை வைத்து ‘சுங்கம் பாக்கி’ என்று லிங்க்கோடு பொய்க் குறுஞ்செய்திகளும் உலவுகின்றன. எந்த லிங்க்கையும் தொடாதீர்கள், தளத்தை நீங்களே திறந்து பாருங்கள். போலீஸ் அபராதம் என்று வரும் செய்திக்கும் இதே பதில்: பிரெஞ்சு அரசின் தள முகவரி ‘புள்ளி, ஜி-ஓ-யூ-வி, புள்ளி, எஃப்-ஆர்’ என்றுதான் முடியும். வேறு எப்படி முடிந்தாலும் பொய்.

ஊருக்குள் பார்க்கிங் இயந்திரமும் வண்டி எண் கேட்கும். ஓர் எழுத்து தவறினால் காசு கட்டியும் கட்டாத கணக்கு, தண்டம் வரும். இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் இருந்தால் அது திருட்டுத் தளத்துக்குப் போகிற வழி. இயந்திரத்திலேயே கார்டைச் செருகிக் கட்டுவது உத்தமம்.

ரயிலில் போகிறவர்களுக்கு: ஓன்ஃப்ளரில் ரயில் நிலையம் கிடையாது. பாரிஸின் சென்-லசார் நிலையத்திலிருந்து த்ரூவில்-தோவில் அல்லது லு ஆவ்ர் வரை ரயில், அங்கிருந்து பஸ். ஞாயிறும் விடுமுறை நாளும் பஸ் குறைவு. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் டாக்ஸிதான், அதில்தான் நிறையப் பேர் ‘மீட்டர் சூடு’ என்று சந்தேகப்படுகிறார்கள். மீட்டரில் ஏ, பி, சி, டி என்று நாலு கட்டணம் இருக்கிறது. ஏ பகல், பி இரவும் ஞாயிறும். இரண்டும் டாக்ஸி ஆளோடு திரும்பும் கணக்கு. வண்டி வெறுமையாகத் திரும்ப வேண்டியிருந்தால் பகலுக்கு சி, இரவுக்கும் ஞாயிறுக்கும் டி. கிலோமீட்டர் கட்டணம் இரட்டிப்பு. கூரை விளக்கில் வெள்ளை ஏ, ஆரஞ்சு பி, நீலம் சி, பச்சை டி. ரயில் நிலையத்தில் இறங்கிக்கொண்டு வண்டியை வெறுமையாக அனுப்பினால் சி போடுவது சரிதான். பட்டப்பகலில், வார நாளில் பச்சை எரிந்தால் மட்டும் வாய் திறந்து கேளுங்கள்.

தவறு நடந்துவிட்டது என்றால் எழுந்துபோவதற்கு முன்பே “லா நோத் தெதாயே” என்று விவரமான ரசீதைக் கேட்டு வாங்குங்கள். 25 யூரோவும் அதற்கு மேலும் ஆனால் டாக்ஸி உட்பட எல்லோரும் ரசீது தந்தே ஆக வேண்டும். வாசல் பலகையையும் ரசீதையும் படம் எடுங்கள். கேட்காத உருப்படி இருந்தால் பணம் கட்டுவதற்கு முன் அந்த வரியில் விரல் வைத்துக் காட்டுங்கள். கட்டிய பிறகு திரும்ப வாங்குவது கடினம். பலகை விலைக்கும் ரசீது விலைக்கும் வேறுபாடு இருந்தாலோ, விலையே எழுதாமல் விற்றாலோ, அரசின் ‘சிக்னல் கோன்சோ’ தளத்தில் புகார் பதியலாம். அந்தப் படங்களை அங்கேயே இணைக்கலாம். வெளிநாட்டவரும் போடலாம், வக்கீல் வேண்டாம், செலவில்லை. புகார் கடைக்காரருக்கும் போகும், விலை விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரிகளுக்கும் போகும்.