சேடில் வேட்டைக்கு ஆலிஸ் ஃபிரேம்: பையைக் கழற்றினால் நல்ல சுமைதாங்கி

அமெரிக்கக் காடுகளில் மரத்தோடு கட்டிக்கொண்டு வெள்ளைவால் மானுக்காகக் காத்திருக்கும் சேடில் வேட்டையில், மரம் ஏறுவதைவிட அந்த மரம்வரை சாமான்களைச் சத்தமின்றிக் கொண்டுபோவதுதான் பலருக்கும் தலைவலி. சேடில் என்பது இடுப்பையும் தொடையையும் தாங்கும் துணி இருக்கை. ஒன்றரைக் கிலோவுக்குள் சுருட்டிவிடலாம். கனம் மற்றவற்றில்தான் இருக்கிறது: மரத்தில் கட்டி ஏறுவதற்கான நான்கு ஸ்டிக், காலூன்ற ஒரு பிளாட்ஃபார்ம், மேலே உட்கார்ந்திருக்கும்போது ஆளை மரத்தோடு பிணைக்கும் டெதர் கயிறு, ஏறும்போது மரத்தைச் சுற்றிப் போடும் லைன்மேன் கயிறு, குளிருக்கான மேலங்கி. இவற்றைக் கட்டி முதுகில் சுமக்கும் ஃபிரேமையும் (அலுமினியக் குழாய்ச் சட்டம்) சேர்த்தால் 10 கிலோவைத் தொடும். அதிலும் பாதிக்குமேல் கோணல்மாணலான அலுமினியம்.

இதற்கென்றே விலை உயர்ந்த வேட்டைப் பைகள் விற்கின்றன. ஆனால் ராணுவ உபரிக் கடைகளில் கிடைக்கும் ஆலிஸ் ஃபிரேம் அவற்றில் பலவற்றைவிட இந்த வேலைக்குப் பொருந்துகிறது. அமெரிக்கத் தரைப்படை 1973-ல் ஏற்றுக்கொண்டு, 1990களின் இறுதியில் அதற்கு மாற்றாக மோலி என்ற அமைப்பு வரும்வரை பயன்படுத்திய முதுகுச்சுமை அமைப்பு இது. பொதுவாக இதை மீடியம் பையோடு சேர்த்தே விற்பார்கள். சேடில் வேட்டைக்கு அந்தப் பை வேண்டாம். ஃபிரேமும், தோளில் மாட்டும் பட்டைகளும், இடுப்பு மெத்தையும், அடியில் மாட்டும் மடக்குத் தட்டும் போதும்.

காரணம் எடை நிற்கும் இடம். பையை மாட்டிவிட்டால் ஸ்டிக்குகளைப் பைக்கு வெளியேதான் கட்ட முடியும். அப்போது நான்கு கிலோ உலோகம் முதுகிலிருந்து ஓரடி தள்ளி நின்று, ஒவ்வோர் அடிக்கும் ஆளைப் பின்னுக்கு இழுக்கும். வெறும் ஃபிரேமில் அதே ஸ்டிக்குகள் முதுகை ஒட்டி நிற்கும். ஃபிரேமின் உயரம் ஏறத்தாழ 20 அங்குலம். 17 முதல் 20 அங்குலம்வரை உள்ள ஸ்டிக்குகள் அதற்குள் செங்குத்தாக அடங்கிவிடும். 30 அங்குலத்துக்கு மேற்பட்டவை தலைக்குமேல் நீண்டு, குனிந்து போகும் இடத்திலெல்லாம் கிளையில் மாட்டும். அவற்றை வைத்திருப்பவர்களுக்கு இந்த ஃபிரேமைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கட்டும் முறை இது. மடக்குத் தட்டை விரித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகிய நான்கு ஸ்டிக்குகளையும் அதன்மேல் நிறுத்துங்கள். படிகள் வெளிப்பக்கம் பார்க்கட்டும். உள்பக்கம் பார்த்தால் நடக்கும்போது முதுகில் குத்தும். அதற்கு வெளிப்பக்கமாக மடித்த மேலங்கி, அதற்கும் வெளியே பிளாட்ஃபார்ம். இந்த வரிசையில்தான் விஷயம் இருக்கிறது: எப்படியும் சுமந்தாக வேண்டிய துணி, இரண்டு உலோகங்களுக்கு நடுவே மெத்தையாகிவிடுகிறது. குளிர் உடையைப் போட்டுக்கொண்டே நடந்தால் வியர்த்து, மரத்தில் உட்கார்ந்த அரைமணியில் நடுங்க வேண்டிவரும். எனவே அது முதுகில்தான் வர வேண்டும். மழை வரும் நாளில் அதை நீர் புகாத உருட்டுப்பையில் போட்டு அதே இடத்தில் வையுங்கள். கடைசியாக, சுருட்டிய சேடில் எல்லாவற்றுக்கும் உச்சியில்.

கட்டுவதற்கு ஓர் அங்குல அகல நைலான் பட்டை இரண்டு, ஒவ்வொன்றும் ஐந்தடி நீளம். அடிப்பட்டையை முதலில் இறுக்கிவிட்டு மேல்பட்டைக்குப் போங்கள். மாற்றிச் செய்தால் ஸ்டிக்குகள் வழியில் தட்டிலிருந்து நழுவும். உலோகக் கொக்கி வேண்டாம், பிளாஸ்டிக் கிளிப் போதும். அதையும் விடியற்காலையில் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு மெதுவாக அழுத்துங்கள். அந்த ஒரு ‘டக்’ ஓசை அமைதியான காட்டில் வெகுதூரம் போகும். இந்தப் பட்டைகள் சாமான் கட்ட மட்டுமே. உயிர் தாங்கும் கயிறுகள் தனிப் பையில், வேறு நிறத்தில் இருக்கட்டும். கத்திபோல் வெட்டும் பிராட்ஹெட் அம்புமுனை அவற்றின் பக்கத்தில்கூட வரக்கூடாது.

சேடிலை இடுப்பில் மாட்டிக்கொண்டே நடந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஃபிரேமின் இடுப்பு மெத்தையும் சேடிலின் முதுகுப்பகுதியும் ஒரே இடத்துக்குப் போட்டிபோடும். மெத்தை மேலேறி விலாவை அழுத்தும், அல்லது சேடில் கீழிறங்கித் தொடையில் உராயும். எடை முழுவதும் தோளுக்கு வந்துவிடும். பத்து நிமிட நடை என்றால் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு அப்படிப் போகலாம். அதற்குமேல் என்றால் சேடில் சுமையின் உச்சியில்தான் வர வேண்டும். மரத்தடியில் மேல்பட்டையை அவிழ்த்ததும் முதலில் கைக்கு வருவதும் அதுவே. அதை அணிந்து, லைன்மேன் கயிற்றை மரத்தைச் சுற்றிப் போட்ட பிறகே முதல் ஸ்டிக்கில் கால் வைக்க வேண்டும்.

ஸ்டிக்குகளைச் சேடிலின் பக்கவாட்டு வளையங்களுக்கும், பிளாட்ஃபார்மைப் பின்பக்கத்துக்கும் மாற்றிவிட்டால் ஃபிரேமில் துணி மட்டுமே மிஞ்சும். அதை முப்பதடி பாராகார்ட் நைலான் கயிற்றில் கட்டிப் பிறகு மேலே இழுத்துக்கொள்ளலாம். வில்லுக்குத் தனிக் கயிறு போடுங்கள். ஒரே கயிற்றில் இரண்டையும் கட்டினால் ஃபிரேம் சுழன்று வில்லின் நாணிலும் குறிபார்க்கும் சைட்டிலும் இடிக்கும். துப்பாக்கி என்றால் குண்டை அகற்றி, குழல்வாய் தரையைப் பார்க்கும்படி கட்ட வேண்டும். விசை வளையத்தில் ஒருபோதும் கயிறு போடக்கூடாது. மேலே போனதும் டெதரை மரத்தில் இறுக்கி, உடல் எடையை அதில் சாய்த்துப் பார்த்த பிறகே லைன்மேன் கயிற்றைக் கழற்றலாம். ஃபிரேம் கீழே ஆடிக்கொண்டிருக்கிறதே என்று இதில் அவசரப்படாதீர்கள்.

வலக்கை வில்லாளிக்கு மரத்தின் இடப்பக்கம்தான் எளிதாக அம்பெய்யும் பக்கம். ஆகவே ஃபிரேமை வலப்பக்கம், டெதருக்குக் கீழே தொங்கவிடுங்கள். அலுமினியக் குழாய் மரப்பட்டையில் உரசினால் கரகரக்கும். மரத்தில் படும் இரண்டு மூலைகளுக்கும் ஹாக்கி மட்டையில் சுற்றும் துணி டேப் இரண்டு சுற்று போதும். தட்டு மாட்டும் கொக்கிகளுக்கும் அதையே சுற்றலாம். ஸ்டிக்கின் படிகளில் மட்டும் சுற்றாதீர்கள். துணி ஈரத்தை உறிஞ்சி உறைந்தால் பூட்ஸ் வழுக்கும். எல்லாம் கட்டி முடித்ததும் வீட்டிலேயே முதுகில் மாட்டிப் பத்து முறை குதித்துப் பாருங்கள். எங்கே சத்தம் வருகிறதோ அங்கே டேப் போடுங்கள்.

மான் விழுந்த பிறகுதான் ஃபிரேமின் அருமை தெரியும். மான்களின் மூளையைச் சிதைக்கும் சிடபிள்யூடி நோய் பரவாமல் தடுக்கப் பல மாநிலங்கள் மானின் தலையையும் முதுகெலும்பையும் நோய்ப்பகுதியிலிருந்து வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. எலும்பு நீக்கிய இறைச்சியை உறையில் இட்டு அதே தட்டில் நிறுத்திச் சுமந்து வரலாம். சாமானுக்கு ஒரு நடை, இறைச்சிக்கு ஒரு நடை என்று வைத்துக்கொள்வதே நல்லது. துப்பாக்கிப் பருவத்தில் சுமையின்மேல் ஆரஞ்சுத் துணி ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். பென்சில்வேனியாவில் அப்போது தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குல ஆரஞ்சு நிறத்தை உடலில் அணிய வேண்டும். முதுகில் இருப்பதைச் சுமை மறைத்துவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

குறைகளும் உண்டு. ஃபிரேமின் உயரத்தை மாற்ற வழியில்லை. நெடிய முதுகுக்காரர்களுக்கு இடுப்பு மெத்தை இடுப்பில் உட்காராமல் மேலே நிற்கும். மெத்தையும் மெலிது. மோலி இடுப்புப் பட்டையை வாங்கி அதில் மாற்றிக்கொண்டால் பெரிய வித்தியாசம் தெரியும், இதைச் செய்யாமல் ஒரு மைலுக்குமேல் நடக்காதீர்கள். ஒரே ஸ்டிக்கை மேலே நகர்த்தி நகர்த்தி ஏறி, கயிற்றில் இறங்குபவர்களுக்கு இந்த ஃபிரேமே தேவையில்லை. அவர்கள் சாமான் சிறிய முதுகுப்பைக்குள் அடங்கிவிடும்.

வாங்கும்போது எல்.சி.-2 வகையைக் கேளுங்கள், முந்தைய எல்.சி.-1-ஐவிட வலுவூட்டப்பட்டது. ரிவெட்டுகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா, குழாய் நெளிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தரையில் படுக்கவைத்தால் ஆடாமல் கிடக்க வேண்டும். மெல்லிய குழாயில் செய்த போலிகளும் சந்தையில் உண்டு. பட்டைகளின் துணிச்சீட்டில் 8465 என்று தொடங்கும் இருப்பு எண்ணும், டிஎல்ஏ100 என்று தொடங்கும் ஒப்பந்த எண்ணும் இருந்தால் ராணுவச் சரக்கு என்று நம்பலாம். ஒப்பந்த எண்ணின் நடுவில் உள்ள இரண்டு இலக்கம் ஆண்டு. 84 என்றிருந்தால் அந்த நைலானுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. ஃபிரேமை எடுத்துக்கொண்டு தோளில் மாட்டும் பட்டைகளைப் புதிதாக வாங்குங்கள்.