சி.ஏ. 15-3 ரத்த டெஸ்டா, ஐ.எச்.சி.யா?

போன வருடம் சித்திக்கு மார்பகப் புற்றுநோய் என்று பயாப்சியில் உறுதியான வாரம், வீட்டில் இரண்டு கட்சி. ரத்தத்தில் சி.ஏ. 15-3 என்ற புற்றுநோய் அடையாளப் புரதத்தின் அளவைப் பார்த்தால் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று தெரிந்துவிடும் என்றார் சித்தப்பா. டாக்டர் கேட்டதோ பயாப்சிச் சதைக்கே சாயம் ஏற்றி அதிலுள்ள புரதங்களைப் பார்க்கும் ஐ.எச்.சி. கடைசியில் இரண்டையும் செய்தோம். நான் சதைக் கட்சி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரத்த டெஸ்ட் சுலபம். சித்திக்கு 21 வந்தது. பல லேப்களில் 30 வரை நார்மல். சித்தப்பா உடனே திருமங்கலத்துக்கு ஃபோன் போட்டு, "பெரிசா ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லிவிட்டார். ஆரம்ப நிலையில் இது பெரும்பாலும் ஏறுவதே இல்லை என்பது அப்புறம்தான் அவருக்குத் தெரிந்தது. கல்லீரல் கோளாறிலும் ஏறுமாம். நோய் பரவியவர்களுக்கு, மருந்து கேட்கிறதா என்று ஸ்கேனோடு சேர்த்துப் பார்க்க உதவும். அந்த அனுபவம் எங்களுக்கு இல்லை, அதனால் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

ஐ.எச்.சி.யில் நான்கு விஷயம். ஈ.ஆர்., பி.ஆர். இரண்டும் ஹார்மோன் வந்து ஒட்டும் புரதங்கள்; 1 சதவீத செல்களில் இருந்தாலே பாசிட்டிவ். ஹார்மோன் மாத்திரைக்கு வழி உண்டு. ஹெர்-2 என்ற புரதம் 3+, அதாவது மிக அதிகம் என்றால், அதைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி. கே.ஐ.-67, பெருகிக்கொண்டிருக்கும் செல்களின் சதவீதக் கணக்கு. 5க்குள் இருந்தாலோ 30ஐத் தொட்டாலோ நம்பலாம். நடுவில் ஆளுக்கு ஆள் எண்ணிக்கை மாறும். சித்திக்கு 20, சரியாக நடுவில்!

என்னை இந்தப் பக்கம் சாய்த்தது பிளாக். சித்தியின் ஹெர்-2, 2+ என்று இரண்டுங்கெட்டானாக வந்தது. ஹெர்-2 மரபணுவை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் டெஸ்ட் செய்தால்தான் தெளியும். திரும்பவும் ஊசி குத்துவார்களோ என்று சித்தி பயந்தார். தேவைப்படவில்லை. பயாப்சிச் சதையை மெழுகில் பதித்த சின்னச் சதுரம், அதுதான் பிளாக், லேபில் பத்திரமாக இருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிச் சென்னைக்கு அனுப்பினோம்; நெகட்டிவ். ரத்தத்தில் வந்த 21 அன்றைக்கு மட்டும்தான். பிளாக்கை வருடங்கள் கழித்தும் வெட்டிப் பார்க்கலாம், வேறு டாக்டரிடமும் கொண்டு போகலாம்.

ஆனால் பிளாக்கின் தரம் முதல் ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. சதையை எடுத்த ஒரு மணிக்குள் சதை கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலின் திரவத்தில் போட வேண்டும், 6 முதல் 72 மணி நேரம் ஊற வேண்டும். பெரிய கட்டியை வகுந்து வைக்காவிட்டால் உள்ளே ஃபார்மலின் இறங்காது. இதில் கோட்டை விட்டால் இருக்கிற ஈ.ஆர். இல்லை என்று வரலாம், மாத்திரையே கை நழுவிப் போகும். பயாப்சியன்று நர்சிங் ஹோமில் பாட்டிலை என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். காளவாசல் சிக்னல் அன்றைக்கு விழவே மாட்டேன் என்றது. லேபில் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு எடுத்தாங்க?" பாட்டிலில் நேரமே எழுதியிருக்கவில்லை. ஃபோன் போட்டுக் கேட்டுச் சொன்னேன். ஆபரேஷன் நாளில், பாட்டிலில் நேரத்தை எழுதி ஒட்ட, பிளாஸ்திரியும் பேனாவும் பையில் எடுத்துக்கொண்டுதான் போனேன்.

ஈ.ஆர். 80 சதவீதம். சித்தி தினமும் இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்திரை போட்டுக்கொள்கிறார். சித்தப்பா இன்னும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சி.ஏ. 15-3 கேட்கிறார்; டாக்டர் எழுதித் தருவதில்லை.