டேங்க் ஸ்டிக்கரை உரித்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு: ஒரு பயன்பாட்டு அனுபவம்

வண்டியின் ஸ்டிக்கர்களை உரித்துவிட்டு வெறும் நிறத்தோடு ஓட்ட விரும்புபவர்கள், கையை வைப்பதற்கு முன் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் ஒருமுறை நெருடிப் பார்த்துவிட வேண்டும். விளிம்பு தட்டுப்பட்டால் அது கிளியர் கோட்டின் (பெயிண்டின் மேல் அடிக்கும் நிறமற்ற லேக்கர் பூச்சு) மேல் ஒட்டப்பட்டது, உரித்துவிடலாம். நகம் எதிலும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால், ஸ்டிக்கரை ஒட்டிய பிறகு அதன் மேல் லேக்கர் அடித்து மூடியிருக்கிறார்கள் என்று பொருள். அதை எடுக்க, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து டேங்குக்கு மறுபடியும் பெயிண்ட் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. என்னுடைய கறுப்பு நிற 150 சிசி வண்டியில் இரண்டு வகையும் இருந்தன. டேங்கிலுள்ள பெயர் லேக்கருக்கு அடியில் இருந்ததால் அதை அப்படியே விட்டுவிட்டேன். டேங்கின் கோடுகளையும் சைடு பேனல், பின்பக்கக் கவுல் ஆகியவற்றின் ஸ்டிக்கர்களையும் மட்டும் எடுத்தேன்.

வினைல் ஸ்டிக்கருக்கு நெகிழ்வைத் தரும் சேர்மானம் வெயிலில் ஆண்டுக்கணக்கில் நிற்கும்போது மெல்ல வெளியேறிவிடுவதால், பழைய ஸ்டிக்கர் அப்பளம் போல நொறுங்கி நகக்கண் அளவு துண்டுகளாகத்தான் வரும். மிதமாகச் சூடேற்றினால் அது ஓரளவு இளகிக்கொடுக்கும். இங்கே சூட்டின் அளவுதான் முக்கியம்: போதாவிட்டால் வினைல் உடையும், மிஞ்சிவிட்டால் பசை குழைந்து வினைலை விட்டுப் பிரிந்து பெயிண்டிலேயே தங்கிவிடும். உள்ளங்கையை வைத்தால் சுடுகிறது, ஆனால் எடுக்கத் தோன்றவில்லை என்ற அளவே சரியானது என்பது என் கணிப்பு. கத்திரி வெயில் நாட்களில் இதற்குக் கருவியே தேவைப்படாது. காலை பத்து, பத்தரை மணி வெயிலில் சற்று நேரம் நிறுத்தினாலே கறுப்பு டேங்க் அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். மற்ற நாட்களில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் போட்டு வைக்கலாம். ஸ்டிக்கரை நேராக மேலே இழுக்காமல், அதன் மேலேயே மடித்தாற்போலப் பின்னோக்கிப் படுக்கவைத்து மெதுவாக இழுத்தால் பசையும் பெரும்பாலும் கூடவே வந்துவிடுகிறது. ஓரத்தைக் கிளப்பக் காலாவதியான ஏடிஎம் அட்டை போதும். பிளேடு, ஸ்க்ரூ டிரைவர் எதுவும் வேண்டாம்.

பட்டறைகளில் ஹீட் கன் பயன்படுத்துவார்கள். அதிலிருந்து வரும் காற்று பல நூறு டிகிரி வரை சூடேறும். சைடு பேனல் செய்யப்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கோ ஏறக்குறைய 100 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். பெட்ரோல் ஆவி கசியக்கூடிய மூடிக்கு அருகில் ஹீட் கன்னையோ ஹேர் டிரையரையோ கொண்டுபோவது அதைவிடப் பெரிய விபரீதம். ஹேர் டிரையர்தான் வேண்டுமென்றால், பேனலைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

உரிப்பதைவிட அதிக நேரம் பிடித்தது பசையை எடுப்பதுதான். தின்னரும் அசிட்டோனும் நொடியில் கரைத்துவிடும் என்பது உண்மைதான். பெயிண்டையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்தே கரைத்துவிடும். எனக்குக் கைகொடுத்தது நீலகிரித் தைலம். பஞ்சில் தொட்டுப் பசையின் மேல் ஒற்றி, சில நிமிடம் ஊறவிட்டு, கட்டைவிரலால் உருட்டினால் அழுக்கு நிறத்தில் திரிதிரியாகத் திரண்டு வரும். டபிள்யூடி-40 தெளித்தாலும் வேலை நடக்கும். தைலத்தில் வாசனையாவது நன்றாக இருக்கிறது. எதைப் பயன்படுத்தினாலும் மறைவான ஓர் இடத்தில் சோதித்துப் பார்ப்பதும், முடிந்தவுடன் ஷாம்பு தண்ணீரால் கழுவிவிடுவதும் அவசியம், ஏனென்றால் மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி படிந்து பழைய ஸ்டிக்கரின் உருவத்தை அப்படியே வரைந்து காட்டிவிடும்.

இனி, இரண்டு ஆண்டுகளின் நிலவரம். ஸ்டிக்கர் மூடியிருந்த இடம் வெயில் படாமல் புதிதாகவே இருக்கும், சுற்றியுள்ள இடம் மங்கியிருக்கும். இந்த நிழல்தான் பலரையும் ஏமாற்றமடையச் செய்கிறது. ரப்பிங் காம்பவுண்ட் கொண்டு மங்கிய பகுதியை மென்மையாகத் தேய்த்து, பாலிஷும் வாக்ஸும் போட்டதில் என் டேங்கின் நிழல் ஏறத்தாழ மறைந்துவிட்டது. சாய்ந்த மாலை வெயிலில் உற்றுப் பார்த்தால் மட்டும் ஒரு கோடு தெரிகிறது. கறுப்பு என்பதால் இவ்வளவு எளிதாக முடிந்தது. சிவப்பு வெயிலில் அதிகம் வெளுக்கும் நிறம். பழைய சிவப்பு வண்டியில் இதே பலனை எதிர்பார்க்க வேண்டாம். காம்பவுண்ட் ஒவ்வொரு முறையும் கிளியர் கோட்டைச் சிறிது அரிக்கிறது என்பதால் அதைத் திரும்பத் திரும்பச் செய்வதும் சரியல்ல. அவ்வப்போது வாக்ஸ் பூசினால் போதும்.

நான் எதிர்பாராத குறை ஒன்று உண்டு. முழங்கால் உரசும் இடத்தில் இதுவரை ஸ்டிக்கர் வாங்கிக்கொண்டிருந்த கீறல்களை இப்போது பெயிண்ட் வாங்குகிறது. பேன்ட் துணியில் ஒட்டியிருக்கும் மண் துகள்களே போதும், மயிரிழைக் கீறல்கள் விழுந்துவிடுகின்றன. அங்கே மட்டும் நிறமற்ற பாதுகாப்புப் படலம் ஒட்டியிருக்கிறேன். மூடியருகே சிந்தும் பெட்ரோலில் அதன் மேல் ஓரம் லேசாக மஞ்சளடித்திருக்கிறது என்றாலும், பிடிப்பு இன்னும் விடவில்லை.

செயின் கவரில் டயரின் காற்றழுத்த அளவைக் காட்டும் ஸ்டிக்கரை மட்டும் தொடவில்லை. பங்கில் காற்று பிடிக்கும்போது அதைப் பார்த்துத்தான் அளவு சொல்கிறேன்.