பழைய காரும் ஒரு ப்ளூடூத் ஸ்கேனரும்: சில வருட அனுபவம்

என்னிடம் இருப்பது 2014 மாடல் பெட்ரோல் கார். நான்கு சிலிண்டர், ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் பொறிக்கான மின்சாரம் தரத் தனித்தனி காயில். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் செருகி, என்ஜின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் சின்ன ப்ளூடூத் ஸ்கேனரைச் சில வருடங்களாக வைத்திருக்கிறேன். ஈஎல்எம்327 என்று ஆன்லைனில் விற்கிறார்களே, அந்த வகை. போனில் ஒரு ஆப் போட்டால் போதும்.

வண்டி மிஸ்ஸிங் அடிக்க (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போக) தொடங்கியபோதுதான் இதன் அருமை தெரிந்தது. ஐட்லிங்கில் உதறல், மேட்டில் பிக்கப் இல்லை, செக் என்ஜின் லைட் வேறு. ஸ்கேன் செய்தால் பி0303 என்ற கோளாறுக் குறியீடு, அதாவது கோடு. கடைசி எண்தான் சிலிண்டர், ஆக மூன்றாவதில் கோளாறு. பி0300 என்று வந்தால் குறிப்பிட்ட ஒன்றில் நிற்காமல் மாறி மாறி மிஸ் ஆகிறது என்று பொருள். வொர்க்ஷாப்பில் கோடைப் பார்த்ததும், “நாலு காயிலையும் செட்டா மாத்திடலாம் சார்” என்றார்கள்.

கோடு சிலிண்டரைத்தான் காட்டும். காயிலா, பிளக்கா, இன்ஜெக்டரா, கம்ப்ரஷனா என்று அது சொல்லாது. என்ஜின் ஆறிய பிறகு மூன்றாவது காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரில் போட்டு, அங்கிருந்ததை இங்கே மாற்றினேன். கோடை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டினால் இப்போது பி0301! காயிலோடு கோளாறும் இடம் மாறிவிட்டது, அப்படியானால் காயில்தான். மாறாமல் மூன்றிலேயே நின்றிருந்தால் அடுத்து பிளக்கை இதே மாதிரி மாற்றிப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் இன்ஜெக்டரும் கம்ப்ரஷனும். காயிலைக் கழற்றும்போது பிளக் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தது. வால்வு கவர் கேஸ்கெட் கசிந்து காயிலின் ரப்பரை ஊற வைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டால் புதுக் காயிலும் நிலைக்காது என்பதால் ஒரு காயில், பிளக்குகள், கேஸ்கெட் என்று மாற்றினேன்.

இன்னொரு முறை பி0171, அதாவது லீன்: காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை. ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொன்னார்கள். ஆப்பில் ஃப்யூயல் டிரிம், அதாவது என்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற அளவைப் பார்த்தேன். ஐட்லிங்கில் 20 சதவீதத்துக்கு மேல், 2500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு அருகே இறங்குகிறது. எங்கோ காற்றை உறிஞ்சுகிறது என்பதற்கு இது நல்ல அடையாளம். வண்டிக்குள் உள்ள பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருந்தால் லோடு ஏற ஏற டிரிமும் ஏறும். தேடியதில் கிடைத்தது வெடித்துப்போன ஒரு வேக்குவம் ஹோஸ். கோடு படிப்பதைவிட இந்த லைவ் டேட்டாவுக்காகத்தான் ஸ்கேனரை வாங்கலாம் என்பேன்.

லைட் நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு வந்து பார்க்கலாம். விட்டு விட்டு மின்னினால் அப்படி ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே பாழாக்கிவிடும், அதன் விலைக்குப் பல காயில் வாங்கலாம்.

குறைகளும் உண்டு. ஏபிஎஸ், ஏர்பேக் லைட்டுகளை என்னுடையது படிப்பதில்லை. கோடை அழித்தால் கோளாறு வந்த நேரத்து ஆர்பிஎம், சூடு போன்ற ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரங்களும் போய்விடும், முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கெட்டில் எப்போதும் கரண்ட் இருப்பதால் செருகியபடியே நாள்கணக்கில் நிறுத்தினால் பேட்டரி இறங்கும். ஐபோன்காரர்கள் வைஃபை அல்லது ப்ளூடூத் எல்இ மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும். இந்த ஸ்கேனர் படிக்கும் ஓபிடி-2 என்ற கோளாறு கண்டறியும் முறை இந்தியாவில் வந்தது 2013 ஏப்ரலில். அதற்கு முந்தைய வண்டி என்றால் நண்பரின் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டுப் பணத்தைப் போடுங்கள்.