ஸ்லைட்-அவுட் கோணலாகிவிட்டதா? மோட்டாரை மாற்றச் சொன்னால் உடனே சரி என்று சொல்லாதீர்கள்

கேம்பர் ட்ரெய்லரில், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் தங்கும் வண்டியில், ஸ்லைட்-அவுட் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கடைசிவரை படியுங்கள். பட்டனை அழுத்தினால் வண்டியின் சுவரிலிருந்து வெளியே நீளும் அந்த அறை எனக்கு ஒரு பக்கம் பின்தங்கிக் கோணலாக நின்றது. பட்டறையில் விட்டேன். மோட்டார் போய்விட்டது என்றார்கள், புது மோட்டார் போட்டார்கள், அலைன்மென்ட் (அறையை நேராக நிறுத்துவது) பக்கா என்று சொல்லி முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். அடுத்து வந்த பெருமழையில் சோபாவுக்கு அடியில் தண்ணீர். இப்போது தரைப்பலகையின் மூலையை வெட்டி எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைக்கவேண்டிய நிலை. புகார் கொடுத்திருப்பதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

முதலில் அந்த அறை எப்படி நகர்கிறது என்று தெரிந்தால்தான் இந்த ஏமாற்று புரியும். என்னுடையது அடியில் இரண்டு இரும்புக் கைகள் உள்ள வகை. ஒவ்வொரு கையிலும் பற்கள் வெட்டிய பட்டை இருக்கும், அதை ஒரு சின்னப் பல்சக்கரம் தள்ளும். இரண்டு பல்சக்கரங்களையும் ஒரு நீளமான குறுக்குத் தண்டு இணைக்கிறது. ஒரே மோட்டார்தான் அந்தத் தண்டைச் சுற்றுகிறது. அதனால் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் நகரவேண்டும். என் ட்ரெய்லரில் நடந்தது வேறு. பட்டனை அழுத்தினால் மோட்டார் சத்தம் நன்றாகக் கேட்கும், முன்பக்கம் வெளியே போகும், பின்பக்கம் அசையாது. அறை அப்படியே முறுக்கிக்கொண்டு நிற்கும்.

இங்கேதான் யோசிக்கவேண்டும். ஒரே மோட்டார் உள்ள அமைப்பில் மோட்டார் போயிருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்துதான் நிற்கும். ஒரு பக்கம் போகிறது, இன்னொரு பக்கம் போகவில்லை என்றால் கோளாறு மோட்டாருக்கு அப்பால், தண்டிலோ அதன் இணைப்பிலோ அந்தப் பக்கத்துப் பல்சக்கரத்திலோதான் இருக்கும். பட்டறைக்காரருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை. தினமும் இதே வேலை பார்க்கிறவர். அவர் வண்டிக்கு அடியில் தலையைக் கூட நீட்டாமல், பட்டனை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு மோட்டார் என்று சொன்னார். வோல்ட் மீட்டரை வெளியே எடுக்கவே இல்லை.

வேலை முடிந்து வண்டியை எடுக்கப் போனபோது அறை நேராகத்தான் உள்ளே போய் வெளியே வந்தது. பழைய மோட்டாரைக் கேட்டேன். "அதெல்லாம் ஸ்கிராப்புல போட்டாச்சு சார்" என்றார்கள். அதை ஒரு 12 வோல்ட் பேட்டரியில் இணைத்துப் பார்த்திருந்தால் போதும், கெட்டதா நல்லதா என்று அங்கேயே தெரிந்திருக்கும். அதற்காகத்தான் அது கண்ணில் படக்கூடாது போல.

தண்ணீர் இறங்கிய பிறகு வேறொரு அனுபவசாலியிடம் காட்டினேன். அவர் வந்தவுடன் பட்டனைத் தொடவில்லை. வண்டி மட்டமாக நிற்கிறதா என்று பார்த்தார், சக்கரத்துக்குக் கட்டை வைத்தார், அப்புறம் அளக்கும் டேப்பை எடுத்து அறையின் நான்கு மூலையிலும் சுவருக்கும் ஓரச் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து ஒரு தாளில் எழுதினார். மேலே பின் மூலையில் ஒரு தாளை, தண்ணீர் புகாமல் ஓரத்தை அடைக்கும் ரப்பர் சீலுக்கும் சுவருக்கும் நடுவே விட்டுக் காட்டினார். எங்கேயும் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. மூடிய நிலையில் சீல் அந்தத் தாளை இறுக்கிப் பிடிக்கவேண்டும்.

பிறகு கீழே பின் மூலைக்குப் போனார். அங்கே சீலின் மேலேயே சிலிக்கான் பசையைத் தடவி வைத்திருந்தார்கள். அதைக் கத்தியால் கீறி உரித்து, ஓரத் தகட்டைக் கழற்றி, ஸ்க்ரூ டிரைவரைப் பலகையில் லேசாகத்தான் அழுத்தினார். கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது முனையில் கறுப்பாக, ஈரமாக மரத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த நாற்றம் இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை.

நடந்தது இதுதான் என்று வரிசையாகச் சொன்னார். கீழ் மூலையில் சீல் என்றோ கிழிந்திருக்கிறது. அந்த வழியாகத் தண்ணீர் பலகையின் ஓரத்தில் ஏறி ஊறி இருக்கிறது. அறை நகரும்போது மொத்தப் பாரமும் அடியில் உள்ள ரோலரின் மேல்தான் உட்காரும். ஊறிய பலகையில் ரோலர் பள்ளம் பறித்து, அந்த மூலை கீழே இறங்கிவிட்டது. இறங்கியதால் அறை இறுகியது. இறுகியதும் குறுக்குத் தண்டின் இணைப்பில் இருந்த 'பின்' (pin) என்கிற சின்ன ஆணி முறிந்தது. அந்தப் பின் முறிவதற்காகவே மென்மையான இரும்பில் செய்தது. அறை எங்காவது மாட்டிக்கொண்டால் அது முறிந்துபோய்ப் பல்சக்கரத்தையும் மோட்டாரையும் காப்பாற்றவேண்டும். என் ட்ரெய்லரில் அது தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது.

பட்டறை அந்த முறிந்த பின்னை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் கெட்டியான உயர்தர போல்ட் ஒன்றை அடித்துச் செருகியிருந்தது. இனி அறை மாட்டினால் போல்ட் முறியாது, பல் உடையும், இல்லையென்றால் தண்டு முறுக்கும். எனக்கு மிகவும் கோபம் வந்தது இதைப் பார்த்துத்தான். மோட்டார் விஷயம் பணத்தோடு போகிறது. இது இருக்கிற நல்ல பாகத்தையும் சேர்த்துக் கெடுக்கிற வேலை.

இறங்கிப்போன மூலையைத் தூக்க, இரும்புக் கையின் உயரத்தைச் சரிசெய்யும் போல்ட்டைத் துளையின் கடைசி எல்லை வரை நகர்த்தி முறுக்கியிருந்தார்கள். கீழே தூக்கியதும் அறை மேல்பக்கம் சாய்ந்து, மேல் சீல் சுவரை விட்டு விலகிவிட்டது. பெருமழைத் தண்ணீர் வந்த வழி அதுதான். கீழே தடவிய சிலிக்கான் உள்ளே வந்த தண்ணீர் வெளியேறவும் விடவில்லை. நகரும் சீலின்மேல் பசை தடவுவதே தவறு, அது ரப்பரைச் சுவரோடு ஒட்டவைத்து அடுத்த தடவை அறை நகரும்போது கிழித்துவிடும். பிறகு புது சீல் ஒட்டலாம் என்றாலும் சிலிக்கான் படிந்த இடத்தில் வேறு எதுவும் சரியாக ஒட்டாது, முழுக்கச் சுரண்டி எடுக்கவேண்டும்.

ஆகவே யாராவது உங்களிடம் அலைன்மென்ட் செய்து தருகிறேன் என்றால், போல்ட்டில் ஸ்பேனர் வைப்பதற்கு முன்னால் தரைப்பலகையின் ஓரங்களையும் மூலைகளையும் குத்திப் பார்த்து உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். பலகை மக்கியிருக்கும்போது செய்கிற அலைன்மென்ட் நிற்காது. நான்கு மூலை இடைவெளியையும் வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றுகிற பாகம் எல்லாம் உங்களுக்குத் திருப்பித் தரவேண்டும் என்று ஆரம்பத்திலேயே எழுத்தில் வாங்குங்கள். மோட்டார் போய்விட்டது என்று சொன்னால், பட்டனை அழுத்தும்போது மோட்டார் முனையில் எவ்வளவு வோல்ட் வருகிறது என்று மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். அறை எங்கும் மாட்டியிருக்காதபோது, அங்கே முழு மின்சாரம் வந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால் ஒத்துக்கொள்ளலாம். மின்சாரமே வரவில்லை என்றால் கோளாறு வயரிலோ ஃபியூஸிலோ சுவிட்சிலோ பேட்டரியிலோ இருக்கும். நன்றாகச் சார்ஜ் ஆன லெட்-ஆசிட் பேட்டரி எதுவும் ஓடாதபோது ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். அதற்கு ரொம்பக் கீழே இருந்தால் முதலில் பேட்டரியைச் சார்ஜ் செய்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

எல்லோருக்கும் என்னுடைய வகைதான் இருக்கும் என்றில்லை. பக்கச் சுவரிலேயே பல்பட்டையும் இரண்டு மோட்டாரும் உள்ள வகையில், இரண்டு மோட்டாரும் ஒத்து ஓடுகிறதா என்பதை ஒரு கண்ட்ரோலர் கணக்குப் பார்க்கும். அந்தக் கணக்கு தவறினாலே ஒரு பக்கம் பின்தங்கும், பேட்டரி இறங்கியிருந்தாலும் இது நடக்கும். அந்த வகை வைத்திருப்பவர்கள் எந்த பாகத்தையும் வாங்குவதற்கு முன்னால், அறையை முழுக்க வெளியே விட்டு மோட்டார் நின்ற பிறகும் பட்டனைச் சில வினாடி பிடித்திருந்து, கொஞ்சம் உள்ளே இழுத்து மறுபடி முழுக்க விட்டுப் பார்க்கவேண்டும். பல நேரம் அதிலேயே இரண்டு பக்கமும் ஒத்துவரும். சரியான முறை கையேட்டில் இருக்கும். கம்பிவடம் இழுக்கிற வகையில் கோணலுக்குப் பெரும்பாலும் வடத்தின் இழுவிசைதான் காரணம்.

ரப்பர் சீலுக்குப் பெட்ரோலிய எண்ணெயோ சாதாரண கிரீஸோ போடவிடாதீர்கள். பெரும்பாலான சீல் ஈபிடிஎம் என்கிற செயற்கை ரப்பர், எண்ணெய் பட்டால் உப்பித் தளர்ந்துவிடும். அந்தப் பட்டறை என் சீலிலும் தாராளமாக கிரீஸ் பூசித்தான் தந்தது.

யார் என்ன சொன்னாலும், அறை கோணலாக மாட்டியிருக்கும்போது அதன் அடியில் படுக்கவோ சுவருக்கும் அறைக்கும் நடுவில் கை விடவோ வேண்டாம். மோட்டாரின் பிரேக்கை விடுவித்தால் சில அமைப்புகளில் அறை தானாகவே நகரும். மின்இணைப்பைக் கழற்றாமல் தொடாதீர்கள்.

இரண்டாவதாக வந்தவர் பலகையை மாற்றி, சரியான பின் போட்டு, அறையை மட்டத்துக்குக் கொண்டுவந்து, கடைசியில் புது சீல் ஒட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் எழுதிய அளவுகள், போல்ட்டின் படம், உரித்த சிலிக்கான் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். மோட்டாருக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தரும்படி முதல் பட்டறைக்கு எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.